நியூசிலாந்தில் கேம்பர்வேன் வாங்கி ஆறு மாசம் சுத்தலாமா? விக்கிற கணக்கை முதல்ல போடுங்க

ரிட்டயர்மென்ட் கார்ப்பஸ் பத்தி பேசும்போதெல்லாம் இப்போ ஒரு கேள்வி தவறாம வருது. "பையன் ஆக்லாந்துல இருக்கான். நானும் வீட்டுக்காரம்மாவும் ஆறு மாசம் போறோம். வாடகைக்கு கேம்பர்வேன் எடுத்தா ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்குல போகுது. பேசாம ஒண்ணை வாங்கி, ஊரெல்லாம் சுத்திட்டு, கிளம்பும்போது வித்துட்டு வந்துட்டா என்ன?"

நல்ல கேள்வி. பதில் "வாங்கலாம்" என்றும் இருக்கலாம், "வேண்டவே வேண்டாம்" என்றும் இருக்கலாம். எது என்பது வாங்குற விலையை வெச்சு முடிவாகாது, விக்கிற நாளை வெச்சு முடிவாகும். வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிட்டு, கடைசி பத்து நாள்ல ஃப்ளைட் டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு வந்த விலைக்குத் தள்ளுறவங்கதான் இதுல பணத்தை விடுறாங்க. அதனால இந்தக் கட்டுரை பூராவும் கடைசி பக்கத்துல இருந்து முதல் பக்கத்துக்கு வர்ற மாதிரிதான் இருக்கும்.

ஏன் நியூசிலாந்து? ஐரோப்பால ஷெங்கன் விசாவில் 180 நாளுக்கு 90 நாள்தான் இருக்க முடியும். 90 நாளுக்காக வண்டி வாங்கி, பதிவு பண்ணி, விக்கிறது வேலைக்கு ஆகாத காரியம். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் பதிவு விதி வேற. நியூசிலாந்தில் சாதாரண விசிட்டர் விசாவிலேயே 9 மாசம் வரைக்கும் தங்க வழி இருக்கு. பிள்ளைகள் அங்க இருந்தா பெற்றோருக்கான தனி விசாவும் உண்டு. நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங் வலது பக்கம். இங்கிலீஷ்ல இருக்கிற இந்திய லைசென்ஸை வெச்சே ஓட்டலாம். அங்க சாதாரண கார் லைசென்ஸே 6,000 கிலோ வரைக்கும் உள்ள வண்டிக்குச் செல்லும். வண்டியை உங்க பேருக்கு மாத்துறதும் கொஞ்ச டாலர் கட்டணத்துல முடிஞ்சிடும், நம்ம ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி இல்லை.

வாடகையா, சொந்தமா? கணக்கு இதோ

கீழே இருக்கிற எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்களுக்கு வர்ற கொட்டேஷனை அந்தந்த இடத்துல போட்டுக்கோங்க. 1 நியூசிலாந்து டாலர் 50 ரூபாய்னு வெச்சுக்குவோம். ரெண்டு பேர் படுக்கிற, உள்ளேயே டாய்லெட், சின்ன கிச்சன் எல்லாம் இருக்கிற பழைய டீசல் வண்டி, விலை 40,000 டாலர். அதாவது 20 லட்சம் ரூபாய். பயணம் ஏறக்குறைய ஆறு மாசம்.

நிறைய பேர் போடுற கணக்கு: "40,000-க்கு வாங்கி 32,000-க்கு வித்தேன். செலவு 8,000." இது பாதி கணக்கு. மீதியையும் எழுதுவோம்.

வாங்குறதுக்கு முன்னாடி மெக்கானிக்கை வெச்சு இன்ஸ்பெக்‌ஷன், பேர் மாத்துற கட்டணம்: 250 டாலர்
இன்சூரன்ஸ்: 700
வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனை, வருடாந்திர லைசென்ஸ் கட்டணம்: 250
சர்வீஸ், டயர், பேட்டரி, சின்னச் சின்ன ரிப்பேர்: 2,500
விக்கும்போது 20% நஷ்டம்: 8,000
ரூபாயை டாலராக்கும்போதும் டாலரை ரூபாயாக்கும்போதும் வங்கி எடுக்கிற 1.5%: போக 600, வர 480, ஆக 1,080
20 லட்சம் எட்டு மாசம் எஃப்டியில் இருந்திருந்தா 7% வட்டி: சுமார் 1,870

மொத்தம் 14,650 டாலர். நம்ம காசுக்கு 7.3 லட்சத்துக்கு மேல. இதுதான் உண்மையான "வாடகை", நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கிறது.

இப்போ வாடகை வண்டி இன்சூரன்ஸோட சேர்த்து ஒரு நாளைக்கு சராசரி 150 டாலர்னா, 14,650-ஐ 150-ஆல வகுங்க. 98 நாள். அதுக்குக் குறைவா போறவங்க வாடகைக்கு எடுக்கிறதுதான் லாபம். அதுக்கு மேல போனா வாங்குறது லாபம். டீசல், கேம்ப் கிரவுண்டு கட்டணம், வெலிங்டனில் இருந்து பிக்டனுக்குப் போற ஃபெர்ரி டிக்கெட் எல்லாம் ரெண்டுக்கும் பொது, அதனால இதுல சேர்க்கலை.

இந்த 98 ஒரு கல்வெட்டு இல்லை. டிசம்பர், ஜனவரியில் வாடகை 250 டாலர்னு கேட்டா பிரேக் ஈவன் 59 நாளுக்கு இறங்கிடும். குளிர்காலத்துல 100 டாலருக்கே கிடைச்சா 147 நாளுக்கு ஏறிடும். இன்ஜின் கை கொடுக்காம 6,000 டாலர் செலவு வெச்சா, 150 டாலர் வாடகைக்கு எதிரா 138 நாள் ஆகும். விக்கும்போது 20-க்குப் பதிலா 40% விட்டுக்கொடுக்க வேண்டி வந்தா 150 நாள். ரெண்டும் ஒண்ணா வந்தா... அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க.

என் கருத்து: ரெண்டு மாசத்துக்குக் கீழேன்னா வாங்குற பேச்சே வேண்டாம். அஞ்சு மாசத்துக்கு மேலன்னா வாங்குறது பெரும்பாலும் ஜெயிக்கும். நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் சீசனும் விக்கிற விதமும் முக்கியம்.

எப்போ வாங்குறது, எப்போ விக்கிறது

நியூசிலாந்துல சீசன் நமக்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி கோடைக்காலம். உலகம் பூரா இருந்து வர்ற பேக்பேக்கர்ஸ் செப்டம்பர், அக்டோபர்ல வந்து இறங்கி வண்டி தேடுவாங்க. அப்போ விலை ஏறும். மார்ச், ஏப்ரல்ல எல்லாரும் ஒரே நேரத்துல ஊருக்குக் கிளம்புவாங்க. ஆக்லாந்துலயும் கிரைஸ்ட்சர்ச்சுலயும் வண்டி குவியும், வாங்க ஆள் இருக்காது. விலை இறங்கும்.

நம்ம ஆளுங்க வழக்கமா என்ன பண்றாங்க? தீபாவளி முடிஞ்சதும் கிளம்பி, பங்குனிக்குள்ள ஊர் திரும்புற மாதிரி டிக்கெட் போடுறாங்க. அதாவது விலை உச்சத்துல இருக்கும்போது வாங்கி, அடிமட்டத்துல இருக்கும்போது விக்கிறாங்க. ஷேர் மார்க்கெட்ல இதை யாராவது பண்ணினா நாம சிரிப்போம்.

திருப்பிப் போட்டுப் பாருங்க. மார்ச் கடைசியில் போய் இறங்கி, ஏப்ரல்ல வாங்கி, அக்டோபர்ல விக்கிறது. நம்ம ஊர் கத்திரி வெயிலும் மிச்சம். ஜூன், ஜூலையில் தென் தீவுல பனி கொட்டும், உள்ளே ஹீட்டர் இல்லாம தூங்க முடியாது, அறுபது வயசுக்கு மேல அது விளையாட்டு இல்லை. அதனால ஏப்ரல், மே முதல் பாதியில தென் தீவை முடிச்சுட்டு, குளிர்காலத்துக்கு ரொட்டோருவா, கோரமண்டல், நார்த்லாண்ட்னு வட தீவுல இருக்கலாம். டெகாப்போ ஏரி, குயீன்ஸ்டவுன் பக்கம் ஏப்ரல்ல இலையெல்லாம் பொன்னிறமா மாறுற நேரம், அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

கணக்குல இது எவ்வளவு வித்தியாசம்? அக்டோபர்ல வித்து நஷ்டம் வெறும் 5%-ல முடிஞ்சா, மேல சொன்ன 14,650 டாலர் 8,740-க்கு இறங்கிடும். ரூபாயில ஏறக்குறைய 3 லட்சம் மிச்சம், வெறும் தேதியை மாத்தினதுக்கு. ஆனா குளிர்காலத்துல வாடகையும் மலிவு என்பதை மறந்துடக் கூடாது. ஒரு நாளைக்கு 80 டாலருக்கு வாடகை வண்டி கிடைச்சா, 109 நாளுக்கு மேல போனாதான் வாங்குறது லாபம். ஆறு மாசம்னா தாராளமா வாங்கலாம்.

இதுல இன்னொரு வசதியும் தானா வந்து சேருது. ஏப்ரல்ல வாங்குறோம்னா பணத்தைப் பாதி மார்ச்லயும் பாதி ஏப்ரல்லயும் அனுப்பலாம். அதாவது ரெண்டு நிதியாண்டு. அது ஏன் முக்கியம்னு அடுத்து பார்ப்போம்.

பணம் எப்படிப் போகுது: எல்ஆர்எஸ், டிசிஎஸ்

இந்தியாவில் வசிக்கிற ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 அமெரிக்க டாலர் வரை எல்ஆர்எஸ் வழியா வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நம்ம வண்டிக்கு இந்த உச்சவரம்பு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை டிசிஎஸ்.

2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டுல ஒருத்தர் அனுப்புற தொகை 10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு 20% டிசிஎஸ் பிடிப்பாங்க. படிப்பு, மருத்துவத்துக்குத் தனி விகிதம், வண்டிக்கு அது கிடையாது. வண்டி 20 லட்சம், வழிச்செலவு 4 லட்சம், மொத்தம் 24 லட்சம் அனுப்புறீங்கன்னு வைங்க. ஒரே ஆள், ஒரே வருஷத்துல அனுப்பினா 14 லட்சத்துக்கு 20%, அதாவது 2.8 லட்சம் கூடுதலா கையில இருந்து போகும். கணவன் 12, மனைவி 12-னு பிரிச்சு அனுப்பினா ஆளுக்கு 40,000, மொத்தம் 80,000. அதையே மார்ச்ல ஆளுக்கு 6 லட்சம், ஏப்ரல்ல ஆளுக்கு 6 லட்சம்னு அனுப்பினா டிசிஎஸ் பூஜ்யம். அந்த ரெண்டு நிதியாண்டுலயும் வேற எதுக்கும் 10 லட்சத்தைத் தாண்டி அனுப்பாம இருக்கணும், அவ்வளவுதான். வேற வேற வங்கியில் அனுப்பினா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க, வரம்பு ஆளுக்குத்தான், வங்கிக்கு இல்லை.

டிசிஎஸ் வரி இல்லை, முன்பணம். ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், மிச்சத்தை ரீஃபண்டா வாங்கலாம். மாசச் சம்பளம் வாங்குறவங்க 2024 அக்டோபர்ல இருந்து கம்பெனியில சொல்லி டிடிஎஸ்லயே சரிக்கட்டிக்கலாம். ஆனா பென்ஷன்ல இருக்கிறவங்களுக்குப் பெரிய வரி பாக்கி இருக்காது. அவங்களுக்கு அந்த 2.8 லட்சம் ரிட்டர்ன் ஃபைல் பண்ணி ரீஃபண்டு வர்ற வரைக்கும் முடங்கிக் கிடக்கும். பயணத்துக்கு நடுவுல ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா, "வருமானவரித் துறைகிட்ட 2.8 லட்சம் இருக்கு"ன்னு சொல்லி யார்கிட்டயும் கடன் வாங்க முடியாது.

ஜிஎஸ்டியைப் பார்த்துப் பயப்படாதீங்க. 20 லட்சம் மாத்தினா சேவை மதிப்பு 6,500 ரூபாய்னு கணக்கிட்டு, அதுக்கு 18%, அதாவது 1,170 ரூபாய்தான். நீங்க கவனிக்க வேண்டியது வங்கி சொல்ற ரேட்டுக்கும் கூகுள்ல தெரியிற ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம். 20 லட்சத்துல 1% வித்தியாசம்னா 20,000 ரூபாய். ரெண்டு மூணு இடத்துல ஒரே மணி நேரத்துக்குள்ள ரேட் கேளுங்க. பேரம் பேசலாம், குறைப்பாங்க.

வாடகைக்கு எடுக்கிறவங்களுக்கு ஒரு சின்ன சலுகை. வெளிநாட்டுல இருக்கும்போது இன்டர்நேஷனல் கிரெடிட் கார்டுல செலவு பண்றது இப்போதைக்கு எல்ஆர்எஸ் கணக்குல வராது, டிசிஎஸ்ஸும் இல்லை. கார்டோட ஃபாரெக்ஸ் மார்க்கப் எவ்வளவுன்னு மட்டும் பார்த்துக்கோங்க.

கடன் வாங்கி இதைச் செய்யலாமான்னு கேட்காதீங்க. எல்ஆர்எஸ்ஸில் மூலதனக் கணக்கு வகையில் பணம் அனுப்ப வங்கிகள் கடன் தரக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. விதி இல்லாட்டியும், விலை இறங்கிக்கிட்டே போற ஒரு பொருளுக்கு பர்சனல் லோன் வட்டி கட்டுறதுல எந்த அர்த்தமும் இல்லை.

வண்டி யார் பேர்ல?

என்னைக் கேட்டா இந்தத் திட்டத்துல மிக முக்கியமான முடிவு இதுதான். ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, உங்க பேர்லயே வாங்குறது. நியூசிலாந்துல ஒரு முகவரியும் பாஸ்போர்ட் மாதிரி அடையாளமும் போதும். ஆனா பணம் எங்க போய் உட்காரும்? விசிட்டர் விசாவுக்கு அங்க பேங்க் அக்கவுன்ட் திறக்கிறது சுலபம் இல்லை, கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு உறுதி பண்ணிக்கணும். கணவன், மனைவி ரெண்டு பேரும் பிரிச்சு அனுப்பி ஒரே அக்கவுன்ட்ல சேர்க்கிறதுன்னா, அந்த அக்கவுன்ட் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கணும். அக்கவுன்ட், முதலீடு, சொத்து மாதிரி விஷயங்கள்ல கூட்டு உரிமை இல்லாதவங்க எல்ஆர்எஸ் தொகையைச் சேர்க்கக் கூடாது.

ரெண்டாவது வழி, அப்பா தனியா, அம்மா தனியா மகனுக்கோ மகளுக்கோ பரிசா எல்ஆர்எஸ்ஸில் அனுப்புறது. பிள்ளை தன் அக்கவுன்ட்ல இருந்து தன் பேர்லயே வாங்குவார். டிசிஎஸ் விதி இதுக்கும் அதேதான். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கிற பரிசுக்கு இங்க வருமான வரி இல்லை. வித்த பிறகு பிள்ளை பணத்தைத் திருப்பி அனுப்பினாலும் அது நெருங்கிய உறவினர் பரிசு, உங்களுக்கும் வரி இல்லை.

நான் ஏன் ரெண்டாவது வழி பக்கம் சாய்றேன்? ஒரே காரணம், விக்கிறது. நடுவுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம போய் அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பணும்னு வைங்க. வண்டி உங்க பேர்ல இருந்தா கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டுப் போகணும், இல்லைன்னா பேப்பர்ல கையெழுத்து போட்டு யாரையாவது நம்பி விட்டுட்டுப் போகணும். பிள்ளை பேர்ல இருந்தா சாவியை மேசைமேல வெச்சுட்டு ஏர்போர்ட்டுக்குப் போகலாம். அவர் அக்டோபர் வரைக்கும் காத்திருந்து நிதானமா விப்பார். இந்த நிதானத்தோட மதிப்பு மட்டும் 4,000, 5,000 டாலர்.

இதுல ஒரு கசப்பும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். பரிசுன்னு அனுப்பிட்டா சட்டப்படி அது பிள்ளையோட பணம். நாளைக்கு அவர் வித்த காசை வீட்டு லோனுக்குக் கட்டிட்டா நீங்க கேட்க முடியாது. "என் பையன் அப்படி இல்லைங்க"ன்னு எல்லாரும் சொல்வீங்க, நானும் நம்புறேன். இருந்தாலும் மருமகள் அல்லது மருமகனையும் உட்கார வெச்சு, வித்த பணம் என்ன ஆகும்னு நாலு பேரும் முன்கூட்டியே பேசிக்கோங்க. அதே பேச்சை ஒரு மெயில்லயும் எழுதி வைங்க. இந்தப் பணம் உங்க ரிட்டயர்மென்ட் காசு, அது திரும்பி வராட்டி உங்க மாசச் செலவே இடிக்கும்னா, பரிசு வழி வேண்டாம். சொல்லப் போனா வண்டியே வேண்டாம், வாடகைக்கு எடுங்க.

வண்டியைப் பார்க்கும்போது

பெரும்பாலான வண்டிகள் டிரேட் மீ தளத்துல விளம்பரம் ஆகும். போட்டோவுல எல்லாமே அழகாத்தான் இருக்கும். இந்த நாலு விஷயத்தைப் பேப்பர்ல பாருங்க.

ஒண்ணு, பச்சை நிற செல்ஃப் கன்டெய்ன்டு வாரன்ட். 2023-ல் வந்த புதுச் சட்டப்படி டாய்லெட் வண்டிக்குள்ள நிரந்தரமா பொருத்தியிருக்கணும், தூக்கி வைக்கிற போர்ட்டபிள் டாய்லெட் செல்லாது. பழைய நீல நிற சர்டிஃபிகேட்டுக்கு 2026 ஜூன் 7 வரைதான் கெடு. பச்சை வாரன்ட் இல்லாத வண்டியை இலவச இடங்கள் பலதுல இரவு நிறுத்த முடியாது, நிறுத்தினா 400 டாலர் அபராதம். வாங்கும்போது "கொஞ்சம் மலிவா இருக்கே"ன்னு தோணுற வண்டிகளுக்குப் பல நேரம் இதுதான் காரணம். நீங்க விக்கும்போதும் அதே காரணத்துக்காக விலை குறையும்.

ரெண்டு, வண்டி மேல கடன். நம்ம ஊர்ல ஆர்சி புக்குல ஹைப்பாத்திகேஷன் இருக்கான்னு பார்க்கிற மாதிரி, அங்க பிபிஎஸ்ஆர் என்ற பதிவேட்டுல பார்க்கணும். கட்டணம் சில டாலர்தான். தனி ஆள்கிட்ட வாங்கும்போது அவர் கடன் பாக்கி வெச்சிருந்தா, கடன் கொடுத்த கம்பெனி வந்து உங்ககிட்ட இருந்து வண்டியை எடுத்துட்டுப் போகலாம். டீலர்கிட்ட வாங்கினா பொதுவா இந்த ஆபத்து இல்லை, நுகர்வோர் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அதுக்குத்தான் டீலர் விலை கொஞ்சம் கூட. முதல் தடவை வாங்குற, மெக்கானிக்கல் விஷயம் தெரியாத ஒருத்தர் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு வித்தியாசம், அங்க பதிவேட்டுல பேர் இருக்கிறது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் இல்லை. வண்டிக்கு யார் பொறுப்புன்னுதான் அது சொல்லும். அதனால எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தமும், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையில இருக்கணும்.

மூணு, டீசல் வண்டின்னா ஆர்யூசி. நியூசிலாந்துல பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலை வரி இருக்கு, டீசல்ல இல்லை. அதனால டீசல் வண்டிக்காரங்க 1,000 கிலோமீட்டர் கணக்குல முன்கூட்டியே கட்டணும். 3.5 டன் வரைக்கும் உள்ள வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர். 10,000 கிலோமீட்டர் ஓட்டினா 760 டாலர். கண்ணாடியில ஒட்டியிருக்கிற லேபிள்ல எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் கட்டியிருக்குன்னு இருக்கும். மீட்டர் அதைத் தாண்டி ஓடியிருந்தா, பாக்கியைக் கட்டச் சொல்லுங்க, இல்லைன்னா விலையில கழிங்க.

நாலு, வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ். வண்டி கைமாறும்போது இது ஒரு மாசத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. "அப்படியே எடுத்துக்கிறேன்"னு நீங்க எழுதிக் கொடுத்தா மட்டும்தான் விதிவிலக்கு. எழுதிக் கொடுக்காதீங்க.

இன்சூரன்ஸ் விஷயத்துல நம்ம ஆளுங்க ஆச்சரியப்படுவாங்க. அங்க வண்டி இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை. விபத்துல காயம் பட்டா, சுற்றுலாப் பயணிக்கும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சிகிச்சைக்கு உதவும். ஆனா நீங்க இடிச்ச காரோட செலவு உங்களோடது. குறைந்தபட்சம் தர்ட் பார்ட்டியாவது எடுங்க. ஏசிசி விபத்துக்கு மட்டும்தான். நெஞ்சு வலி, சுகர், காய்ச்சல் எதுவும் அதுல வராது, டிராவல் இன்சூரன்ஸ் தனியா வேணும்.

இவ்வளவுக்கும் முன்னாடி ஒரு வேலை: ஏழு நாள் வாடகைக்கு எடுத்து அதுல வாழ்ந்து பாருங்க. டாய்லெட் டேங்க்கை நீங்களே கொண்டுபோய்க் கொட்டணும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தா படுக்கையை மடிக்கணும். மூணாவது நாளே "மோட்டல்ல ரூம் போடுங்க"ன்னு வீட்டுல சொன்னா, ஆயிரம் டாலர் வாடகையில 20 லட்சம் முடங்காம தப்பிச்சீங்கன்னு அர்த்தம்.

ஊருக்கு வந்த பிறகு

வண்டியை இந்தியாவுக்குக் கொண்டு வரலாமான்னு சிலர் கேட்கிறாங்க. பழைய வண்டி இறக்குமதிக்கு உள்ள விதியும் வரியும் பார்த்தா அந்த ஆசை அங்கேயே போயிடும்.

உங்க பேர்லயே வாங்கி வித்திருந்தா, அந்தப் பணத்தை வெளிநாட்டு அக்கவுன்ட்லயே சும்மா போட்டு வைக்க முடியாது. 2022 ஆகஸ்ட்ல வந்த ஃபெமா விதிப்படி, மறுபடி முதலீடு செய்யாத பணம் 180 நாளுக்குள்ள இந்தியாவுக்குத் திரும்பணும். "டாலர் ஏறட்டும், அப்புறம் மாத்தலாம்"னு காத்திருக்க உங்களுக்கு உள்ள அவகாசம் அவ்வளவுதான்.

"ஆறு மாசத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தேன், அப்போ நான் என்ஆர்ஐ தானே?" இல்லை. வேலைக்காக இந்தியாவை விட்டுப் போறவங்களுக்குத்தான் 182 நாள் சலுகை. சுற்றுலாவுக்குப் போனவர் அந்த வருஷம் இந்தியாவுல 60 நாள் இருந்து, அதுக்கு முந்தைய நாலு வருஷத்துல 365 நாள் இருந்திருந்தாலே ரெசிடென்ட்தான். அதனால உங்க எஃப்டி, சேமிப்புக் கணக்கு எதையும் என்ஆர்ஓவா மாத்த வேண்டியதில்லை. வெளிநாட்டு சொத்து விவரத்தைக் காட்டுற கடமையும் தொடருது.

அது ஷெட்யூல் எஃப்ஏ. நியூசிலாந்துல உங்க பேர்ல அக்கவுன்ட் திறந்திருந்தா, ஆறு மாசத்துல மூடியிருந்தாலும் காட்டணும். இதுக்கு ஐடிஆர்-1 செல்லாது. காலங்காலமா பென்ஷனும் எஃப்டி வட்டியும் காட்டி ஐடிஆர்-1 போட்டுக்கிட்டிருந்தவங்க, அந்த வருஷம் ஐடிஆர்-2 போடணும். இந்த ஷெட்யூல் மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் உள்ள காலண்டர் ஆண்டுப்படி. அதனால மார்ச்ல திறந்த அக்கவுன்ட், ஏப்ரல்ல ஆரம்பிக்கிற நிதியாண்டோட ரிட்டர்ன்லதான் வரும். வண்டி சொந்த உபயோகப் பொருள், மூலதன சொத்து இல்லைன்னு வாதாடலாம். ஆனா நான் என் கிளையன்ட்டுகளுக்கு அதையும் ஒரு வரியில காட்டிடுவேன். காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல அபராதம் 10 லட்சம் ரூபாய். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த மத்த வெளிநாட்டு சொத்துகளோட மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லை. நம்ம உதாரணத்துல வண்டி மட்டுமே 20 லட்சம், அக்கவுன்ட்ல ஒரு ரூபாய் கூட இருந்தாலே கோட்டைத் தாண்டிடும்.

பிள்ளை பேர்ல வாங்கியிருந்தா இந்தப் பிரிவுல நீங்க காட்ட எதுவும் இல்லை. எல்ஆர்எஸ்ஸில் அனுப்பின வங்கி ரசீது, பரிசுக் கடிதம், பிடிச்சிருந்தா டிசிஎஸ் சர்டிஃபிகேட் மூணையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. வித்த பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வர்ற அன்னிக்கு "இது எங்கிருந்து வந்தது?"ன்னு வங்கியில கேட்பாங்க. அப்போ அந்த ஃபைலைக் காட்டினா போதும்.